இடம் மாறி நின்ற அந்த ஒரு தடவை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் நலம், நீயும் நலமாக இருப்பாய் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், அந்த இரண்டாவது பாதியை எழுதக் கை வரமாட்டேன் என்கிறது. காலையிலிருந்து நீ போனை எடுக்கவில்லை, அதனால்தான் காகிதம். அப்பா படமெடுத்து உனக்கு அனுப்புவார்.

தையல் கடையில் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது, சீருடை நாற்பது தைக்க வேண்டும், பெரிய மெஷினில் நூல் அறுந்துகொண்டே இருக்கிறது. லிஃப்ட் பழுது பார்க்கும் வேலைக்கு மாடி ஏறி இறங்கி அப்பாவுக்கு முழங்கால் வலி, நான் பக்கத்தில் உட்கார்ந்து தைலம் தேய்த்தால் மட்டும் வலி பறந்துவிடுகிறது, அவர் சங்கதி உனக்குத் தெரியாததா. எல்லாவற்றையும் போட்டுவிட்டு நேற்றுதான் நீ அனுப்பிய கூடைப்பந்து மேட்ச் வீடியோவைப் பார்த்தோம். உங்கள் ஸோன் ஆட்டம் எனக்குப் புரியவில்லை, அப்பாதான் வெட்டு மேசையில் ஐந்து பொத்தானை வைத்து விளக்கினார். முன்னால் இரண்டு பேர், பின்னால் மூன்று பேர், எதிராளி பின்னாலேயே ஓடக் கூடாது, அவரவர் இடத்தை அவரவர் காக்க வேண்டும். போன வருஷம் நீ முன்வரிசையில் இடது பக்கமாம், இந்த வருஷம் கோச் உன்னைக் கூடைக்குக் கீழே நடுவுக்கு மாற்றினாராம். பந்தோடு வருகிறவளெல்லாம் வந்து மோதுகிற இடம், எனக்கு அதுவே பிடிக்கவில்லை.

ஒருத்தியின் முழங்கை தலையில் பட்டு நீ மல்லாக்க விழுந்தாய். எழுந்து கைதட்டினாய், என் பெண் கல்லுக்குண்டு என்று நானும் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை, அடுத்து நடந்ததைத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினார். அவர்கள் பந்தோடு வந்தபோது நீ போய் முன்வரிசையில் இடது பக்கம் நின்றாய், போன வருஷத்து இடத்தில். நடுவில் ஆளே இல்லை, ஒருத்தி நிதானமாகப் பந்தைப் போட்டுவிட்டுப் போனாள். உங்கள் டீமின் நெட்டைப் பெண் உன் கையைப் பிடித்து இழுத்தாள், நீ அவளை யாரோ மாதிரி பார்த்தாய்.

அந்த மேட்ச் முடிந்து ஞாயிற்றுக்கிழமை போனில் என்ன சொன்னாய், தலை கொஞ்சம் வலிக்குது, வெளிச்சம் கண்ணக் கூசுது, அவ்வளவுதாம்மா, யார்கிட்டயும் சொல்லிடாத, சனிக்கிழமை அரையிறுதி, என்னை வெளிய உட்கார வச்சிடுவாங்க என்று சத்தியம் வாங்கினாய். நானும் புத்தி கெட்டுப்போய்ச் செய்துகொடுத்தேன். அதே பேச்சில் அப்பா முழங்கால் எப்படியிருக்கு என்று கேட்டாய், சொன்னேன், ஐந்து நிமிஷம் கழித்து அதையே மறுபடி கேட்டாய். விளையாட்டுப் பிள்ளை, காதில் வாங்கவில்லை என்று அன்றைக்கு நினைத்தேன். வீடியோ பார்த்த பிறகு அதையே நினைத்துக்கொண்டிருந்தேன், நேற்று வைத்த தையலெல்லாம் கோணல்.

அதனால் இன்று காலை நான் உன் கோச்சுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவ கவனமில்லாம இடம் மாறி நிக்குறான்னு நினைச்சுத் திட்டிட்டேன்மா என்று அந்த மனுஷன் தன்னையே நொந்துகொண்டார். டாக்டர் பார்க்காமல் உன்னைக் கோர்ட்டில் விடமாட்டாராம். முதல் அடி ஆறும் முன்னே இன்னொன்று பட்டால் என்ன ஆகும் என்று அவர் பாதி சொல்லும்போதே போதும் என்றேன், மீதியைக் கேட்கவில்லை.

டாக்டரிடம் எதையும் மறைக்காதே, பெரிய வீராங்கனை மாதிரி ஒன்றுமில்லை என்று சொல்லாதே. தனியாகப் போகாதே, நெட்டையைக் கூட்டிக்கொண்டு போ. நூறு வயசு நன்றாக இரு. சத்தியத்தை மீறிய அம்மாவோடு ஒரு மாதம் பேசாதே, ஒரு வருஷம் வேண்டுமானாலும் பேசாதே. எதற்காகப் பேசாமல் இருக்கிறாய் என்பது உனக்கு நினைவிருந்தால் போதும்.

இப்படிக்கு,
உன் அம்மா