கை மடிப்பில் விட்ட துணி

அன்புள்ள ஜோனா அண்ணனுக்கு,

இதைத் தமிழில்தான் எழுதுகிறேன். உங்களுக்குத் தமிழ் தெரியாது. உங்களைக் கண்காணித்தவர்களுக்கும் தெரியாது, அதனால் இதுவே பாதுகாப்பு. உங்கள் நாட்டின் பெயரையும் எழுதப் போவதில்லை. ஆப்பிரிக்காவில் புதிதாகச் சுதந்திரம் பெற்ற ஒரு நாடு என்றால் போதும்.

நேற்று என் மச்சான் சலீம் பத்திரிகையோடு என் தையற்கடைக்கு வந்தான். "உங்க கோட்டுக்காரர் இறந்துட்டாராம் மச்சான். நெஞ்சு வலியாம்," என்றான்.

"யார் சொன்னா?"

"பேப்பர்ல போட்டிருக்கான்லா."

"பேப்பருக்கு யார் சொன்னா?"

அவன் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுப் போனான். அவன் போன பிறகு நன்றாக அழுதேன். ஆனாலும் அந்த நெஞ்சு வலியை நான் நம்பவில்லை. பஃபலோ ரோட்டில் என் மாடிக்கடைப் படிகளை மூச்சு வாங்காமல் ஏறி வந்தவர் நீங்கள். தேக்கா மார்க்கெட்டில் மீன் வாங்கிவிட்டு ஏறும் நானே பாதியில் நின்றுவிடுவேன்.

நான் சந்தேகப் பிராணி என்று என் வீட்டுக்காரி சொல்வாள். முதல்முறை நீங்கள் வந்தபோது உங்களையே சந்தேகப்பட்டேன். நாடாளுமன்றக் குழுவோடு வந்த உறுப்பினர், குழுவைப் பெரிய ஹோட்டலில் விட்டுவிட்டு என் கடைக்கு ஏன் தனியாக வருகிறார்? அளவெடுக்கும்போது காரணம் சொன்னீர்கள். நீங்கள் பேசியது ஆங்கிலம். என் காதில் இப்படித்தான் விழுந்தது: "இடுப்புல நிறையத் துணி விட்டுத் தை, தம்பி. அடுத்த தேர்தலுக்குள்ள தொப்பை வந்துடும். ஹோட்டல் தையற்காரன்கிட்ட இதைச் சொல்ல வெட்கமா இருக்கு."

இரண்டாம் முறை தூதராக வந்தீர்கள். பெரிய பதவி என்று நான் வாழ்த்தினேன். நீங்கள் சிரித்தீர்கள். "விசாரணையே இல்லாம பிடிச்சுட்டுப் போனவங்க எங்கேன்னு சபையில எழுந்து கேட்டேன். உடனே பதவி குடுத்து இவ்வளவு தூரம் அனுப்பிட்டாங்க." அதன்பின் நீங்கள் வரும்போதெல்லாம் கீழே ஐந்தடி நடைபாதையில் ஒருவன் மல்லிகை மாலைக்கு விலை கேட்டுக்கொண்டே நிற்பான். ஒருநாளும் வாங்கியதில்லை. இதை நான் சொன்னபோது, "பாவம், அவனுக்கும் வேலைதானே," என்றீர்கள்.

கடைசி முறை உங்களிடம் அந்தச் சிரிப்பு இல்லை. ஊருக்குத் திரும்பச் சொல்லிவிட்டார்கள், மந்திரி ஆக்கப் போகிறார்களாம் என்றீர்கள். தொப்பைக்கு இன்னும் கொஞ்சம் துணி விடுகிறேன் என்று நான் கேலி செய்தேன்.

"இடுப்புல வேண்டாம். கையிலயும் நீளத்திலயும் விடு."

ஐம்பதைத் தாண்டியவருக்குக் கை வளருமா? "யாருக்கு அது, அண்ணே?" என்று கேட்டேன்.

"என் பையன் என்னைவிட உயரமா வருவான்."

நான் அளவுநாடாவைச் சுருட்டி மேசையில் வைத்தேன். "அப்படின்னா போகாதீங்க," என்றேன்.

"எனக்கு ஓட்டுப் போட்டவங்க அங்கதானே இருக்காங்க, தம்பி."

நீங்கள் சொன்ன இடத்தில் துணி விட்டுத் தைத்துக் கொடுத்தேன்.

தெரிந்தேதான் போனீர்களா, அண்ணே? மந்திரிப் பதவி என்று ஆசை காட்டிக் கூப்பிட்டது யார்? அந்தக் கோட்டோடுதான் விமானத்திலிருந்து இறங்கினீர்களா, அல்லது பெட்டியிலேயே மகனுக்காக மடித்து வைத்திருந்தீர்களா?

இங்கே தேக்காவில் எல்லாம் வழக்கம்போலத்தான் நடக்கிறது. மாலைக்கு விலை கேட்டவனை மட்டும் காணோம். நீங்கள் விமானம் ஏறிய நாளோடு அவனுக்கும் இங்கே வேலை முடிந்துவிட்டது. நெஞ்சு வலியில் சாகப் போகிறவரை இவ்வளவு நாள் எதற்காகக் காவல் காத்தார்கள்?

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். உங்கள் மகன் என்றைக்காவது இந்தப் படியேறி வருவான். ஜோனாவின் மகன் என்று சொன்னதும் நம்பிவிட மாட்டேன், என் குணம் உங்களுக்குத் தெரியும். கோட்டைக் கழற்றச் சொல்லி, கை மடிப்பைப் பிரித்துப் பார்ப்பேன். உள்ளே நான் விட்ட துணி இருந்தால் அவன் உங்கள் பிள்ளை. கையை இறக்கி, நீளத்தைக் கூட்டி, அவன் அளவுக்குத் தைத்துப் போட்டுவிடுவேன். நீங்கள் சபையில் எழுந்து கேட்ட கேள்வியையும் அவனிடம் சொல்வேன். அதுவரை இந்தக் கடையை மூட மாட்டேன்.

யாரையும் எளிதில் நம்பாத, உங்களை நம்பிய
உங்கள் தம்பி,
ஹமீது