பவுலா என்கிற பவளம் அக்காவுக்கு

என் ஆசைப் பவளம் அக்கா,

நீங்கள் போய் ஐந்து மாதமாகிறது. இங்கே மல்வேர்னில் பனி கரைந்து, வீட்டு வாசலில் அழுக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது. பஸ்ஸில் உங்களைத் தெரிந்தவர்கள் யாரையாவது கண்டால், "அக்காவுக்கு என்ன நடந்தது?" என்று கேட்கிறார்கள். அதற்குப் பதில் இருக்கிறது. மாரடைப்பு. "அவ ஏன் அங்க போனவ?" என்று அடுத்ததாகக் கேட்கும்போதுதான், இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டதுபோல எழும்பிவிடுகிறேன்.

ஏன் போனீர்கள் அக்கா?

ஆறு வருடத்துக்கு முன் என் சாப்பாட்டு மேசையில் வைத்துத்தான் அந்தக் கதையைச் சொன்னீர்கள். முதியோர் இல்லத்தில் இருபத்தேழு வருடம் வேலை செய்து, ஓய்வுபெற்று ஒரு மாதம்கூட ஆகவில்லை. கத்தரிக்காய்க் குழம்பை விட்டுக்கொண்டே, "நான் ஸ்பெயினுக்குப் போய் இருக்கப் போறன்" என்றீர்கள். உங்களோடு வேலை செய்த ஒரு பெண்ணின் ஊராம். இரண்டு கிழமை லீவில் போய்ப் பார்த்த இடமாம். கடற்கரைகூட இல்லாத ஊர். ஒரு மலை, அதைச் சுற்றி ஒலிவ் மரங்கள், கொஞ்சச் சனம்.

எங்கள் தம்பி குணம் பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு உங்களைப் பார்த்தான்.

"பெரியக்கா, அங்க எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லையே?"

"ஓம். தெரியும்."

அவ்வளவுதான். அந்த 'ஓம்' கோபத்தில் சொன்னதா, சந்தோசத்தில் சொன்னதா? அன்றைக்கே கேட்டிருக்கலாம். பப்படம் பொரிக்க எழும்பிப் போய்விட்டேன்.

பிறகு ஒவ்வொரு ஞாயிறும் போனில் கதைத்தோம். வந்த புதிதில் நகரசபையில் விலாசம் பதிய நாலு தரம் அலைந்ததைச் சொன்னீர்கள். பகல் இரண்டு மணிக்குக் கடைகளை எல்லாம் பூட்டிவிட்டுச் சனம் வீட்டுக்குப் போய்விடுகிறது, பின்னேரம்வரை ஒரு பனடோலும் வாங்க முடியாது என்றீர்கள். சமையல் காஸ் சிலிண்டர் லொறியில் வரும், அதன் சத்தம் கேட்டால் ஓடிப்போய் மறிக்க வேண்டும் என்றீர்கள். நீங்கள் கஷ்டப்படுகிறீர்கள் என்று நான் முடிவுகட்டிவிட்டேன். கேட்டவர்களிடமும் அப்படியே சொன்னேன். "பாவம் அக்கா, அடுத்த வருசம் திரும்பி வந்திடுவா."

நீங்கள் இறந்த அன்றைக்கு, உங்கள் அடுத்த வீட்டு என்கார்னாதான் இங்கே போன் எடுத்துச் சொன்னார். நல்லகாலம், என் மகள் தாரணி பள்ளிக்கூடத்தில் படித்த ஸ்பானிஷ் கைகொடுத்தது. போனைக் காதில் வைத்தபடியே அவள் முகம் மாறியது. சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டு வரும் வழியில், வீட்டுக்கு இரண்டு வாசல் தள்ளி விழுந்தீர்களாம். குணத்துக்கு முழங்கால் ஒப்பரேசன் செய்து ஒரு கிழமைதான் ஆகியிருந்தது. நான் தனியாகத்தான் வந்தேன்.

எனக்காக மூன்று நாள் உங்களை வைத்திருந்தார்கள். வழக்கத்தில் அங்கே அடுத்த நாளே எல்லாம் முடிந்துவிடுமாம். மண்டபத்தில் நாலைந்து பேர் இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு போனேன். வாசலுக்கு வெளியேயும் சனம் நின்றது. ஒவ்வொருவராக வந்து என் இரண்டு கன்னத்திலும் முத்தம் வைத்து, "பவுலா, பவுலா" என்று அழுதார்கள். வேறு யாருடைய சாவீட்டுக்கோ வந்துவிட்டேன் என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தேன். நீங்கள்தான். பவளம் என்று சொல்ல அவர்களுக்கு வாய் வரவில்லை, அதனால் பவுலா.

தாரணியை வீடியோவில் கூப்பிட்டு, போனை என்கார்னாவின் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"அம்மா, வெயிட். பெரியம்மா சரியான ஃபன்னியாம். எல்லாரையும் சிரிக்க வைப்பாவாம். ஃபார்மசிக்காரர் மாதிரி நடந்து காட்டுவாவாம்."

"ஆர்? எங்கட அக்காவோ? வடிவாக் கேள் பிள்ளை, வேற ஆரையும் சொல்லுறாவோ தெரியாது."

தாரணி திரும்பக் கேட்டாள். என்கார்னா அழுகையை நிறுத்திவிட்டு, இடுப்பில் ஒரு கையை வைத்து, ஒரு காலை இழுத்து இழுத்து நாலடி நடந்து காட்டினார். பக்கத்தில் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அந்த ஃபார்மசிக்காரரும் அங்கேதான் நின்றார். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை அக்கா. எங்கள் வீட்டில் நீங்கள் யாரைப் போலாவது நடந்து காட்டியிருக்கிறீர்களா? என் பிள்ளைகளைக் குளிக்க வார்த்தீர்கள். எனக்கு இரட்டை ஷிப்ட் வந்த நாட்களில் சோறு கட்டித் தந்தீர்கள். குணத்தை ஸ்பொன்சர் செய்து கூப்பிட்டீர்கள். ஆனால் உங்கள் சிரிப்புச் சத்தம் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன், காதில் வரவில்லை.

தகனம் முடிந்து சாம்பலைத் தந்தார்கள். அன்றைக்கே குணம் தான் இருக்கும் அஜக்ஸிலிருந்து போன் எடுத்தான்.

"சின்னக்கா, சாம்பலுக்குப் பேப்பர் எடுக்க மறந்திடாதேங்கோ. பிளேனில கேப்பினம். இங்க ஐயரோட கதைச்சிட்டன்."

"ஓமடா, கொண்டு வாறன்."

அதைச் சொல்லும்போது அப்படித்தான் நினைத்திருந்தேன். உங்கள் வீட்டை ஒதுக்க மூன்று கிழமை இருந்தேன். ஒதுக்குவதற்கு அங்கே என்ன இருந்தது? இரண்டு கட்டில், கொஞ்சச் சட்டை, பிழை திருத்திய ஸ்பானிஷ் கொப்பிகள். காலையில் யாரோ வாசற்கதவில் பாண் பையைக் கொழுவிவிட்டுப் போனார்கள். நிறுத்தச் சொல்ல எனக்குப் பாஷை தெரியவில்லை, அதனால் தினமும் சாப்பிட்டேன். பகலில் மருந்து வாங்கப் போய்ப் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றேன். ஒலிவ் பறிக்கும் காலம். ஊரே தோட்டத்தில் நின்றது. என்கார்னா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மரத்துக்குக் கீழே வலை விரித்து, கம்பால் கொப்பைத் தட்டினார்கள். என் கையிலும் ஒரு கம்பைத் தந்து, "பவுலா" என்று உங்கள் இடத்தைக் காட்டினார்கள். ஓரமாக நின்ற ஒரு குட்டை மரம்.

பின்னேரம் வெயில் விழும் சுவரோரம் கதிரை போட்டு அந்தப் பெண்கள் இருப்பார்கள். நானும் போய் இருந்தேன். மகளுக்கு எப்ப கலியாணம், எங்கே வீடு வாங்குகிறீர்கள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்கப் பாஷையும் இல்லைத்தான். இரண்டு மணித்தியாலம் சும்மா இருந்தேன். சுகமாக இருந்தது. உடனே வெட்கமாகவும் இருந்தது. அக்கா செத்து ரெண்டு கிழமை, எனக்கு என்ன சுகம்?

கடைசிக் கிழமை என்கார்னா என்னைச் சேமக்காலைக்குக் கூட்டிப் போனார். சுவரில் அடுக்கடுக்காக, இறந்தவர்களை வைக்கும் மாடங்கள். அவருடைய கணவரின் மாடத்துக்குப் பக்கத்தில் வெறுமையாக இருந்த ஒன்றைக் கையால் தொட்டுக் காட்டினார். நான் தாரணிக்குப் போன் எடுத்தேன்.

"அம்மா, பெரியம்மா இங்கதான் இருக்கப் போறன் எண்டு சொன்னவவாம்."

"எழுதி வைச்சிருக்கிறாவோ?"

"இல்லையாம். சும்மா கதைக்கேக்க சொன்னதாம்." என்கார்னா இன்னும் ஏதோ சொன்னார். தாரணியின் குரல் இறங்கிவிட்டது. "அம்மா, இன்னொண்டும் சொன்னவவாம். 'அங்க எல்லாருக்கும் நான் தேவைப்பட்டன். இங்க ஒருத்தருக்கும் நான் தேவையில்லை. எண்டாலும் வந்து கதவைத் தட்டுகினம்.'"

அந்தச் சுவருக்கு முன்னாலேயே நிலத்தில் இருந்துவிட்டேன். அது எங்களைப் பற்றிய முறைப்பாடா அக்கா? நாங்கள் உங்களைத் தின்றுவிட்டோமா? அல்லது எங்களை ஆளாக்கிய நல்ல வேலையை முடித்துவிட்டேன், இனிப் போய் ஓய்வாக இருக்கலாம் என்று சொன்னீர்களா? என்கார்னாவும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல என் பக்கத்தில் வந்து இருந்தார். சரி, தவறு என்று எனக்கு ஒன்றும் தெளியவில்லை. ஆனால் உங்களைத் தூக்கிக்கொண்டு வர மட்டும் கை வரவில்லை. அடுத்த நாள் காலை நானே என் கையால் உங்களை அந்த மாடத்துக்குள் வைத்தேன். தேவாரம் ஒன்று பாடினேன், பாதியில் மறந்துபோனது.

இதை உங்களுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். விமான நிலையத்தில் குணம் ஊன்றுகோலோடு வந்து நின்றான். மனைவியின் கையில் பூவும், வெள்ளைத் துணி சுற்றிய செம்பும். என்னைப் பார்த்தான், தள்ளுவண்டியைப் பார்த்தான்.

"பெரியக்கா எங்க?"

"அங்கதான் வைச்சிட்டு வந்திருக்கிறன்."

மனைவி கார் ஓட்ட, அவன் வெறும் செம்பை மடியில் வைத்துக்கொண்டு வந்தான். என் வீட்டு வாசலில் காரை நிறுத்தியதும்தான் கேட்டான். "அப்ப நாங்கள் ஆர் அவவுக்கு?"

நான் பெட்டியை இறக்கினேன். அதற்குப் பதில் உங்களுக்குத்தான் தெரியும், ஆனால் நீங்கள்தானே இல்லை.

முப்பத்தோராம் நாள் கிரியையை அவன் உங்கள் படத்தை வைத்துச் செய்தான். என்னோடு ஒரு சொல் கதைக்கவில்லை. பொங்கலுக்கும் வரவில்லை. தாரணிதான் போன கிழமை அஜக்ஸுக்குப் போய், என்கார்னா அனுப்பிய வீடியோ ஒன்றை அவனுக்குக் காட்டியிருக்கிறாள். ஒலிவ் மரத்துக்குக் கீழே நின்று நீங்கள் யாரையோ பார்த்துக் கெக்கட்டமிட்டுச் சிரிக்கிறீர்கள். இருபது செக்கன் வராது. அவன் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தானாம். "எங்கட அம்மம்மான்ர சிரிப்பு, அப்பிடியே அம்மம்மான்ர சிரிப்பு" என்றானாம்.

நேற்று என்னைக் கூப்பிட்டான்.

"சின்னக்கா, மட்ரிட்டில இறங்கி எந்த பஸ் எடுக்கிறது?"

"ஏன் கேக்கிறாய்?"

"நொவெம்பரில எனக்கு லீவு இருக்கு."

அக்கா, அவனைக் கூட்டிக்கொண்டு வருவேன். அவனுக்கு நான் எதையும் விளங்கப்படுத்த மாட்டேன், எனக்கே விளங்காததை என்ன சொல்வது? கோபம் வந்தால் உங்கள் முன்னால் நின்று திட்டட்டும், அழுகை வந்தால் அழட்டும். நான் பக்கத்தில் நிற்பேன். அவனுடைய கேள்வியை அவனே உங்களிடம் கேட்கட்டும் என்று விட்டுவிடுவேன். இது சத்தியம்.

இன்னும் உங்களை முழுதாகத் தெரியாத,
உங்கள் தங்கச்சி
வசந்தி