நான்காம் தொகுதியின் காற்று

நாள் 211, 08.10
நிலவுச் சுரங்கம், தொழிலாளர் தளம். எழுதுவது லூர்துமேரி, ஆய்வகப் பணியாளர். கிருமி வளர்க்கும் இன்குபேட்டர் 36 டிகிரி. அதற்கான கரியமில வாயு உருளை காலி. மூன்று முறை கேட்டாயிற்று. நான்காம் தொகுதியில் பதினான்கு பேருக்குத் தலைவலி. வழக்கமான மாத்திரை.

09.40
தொகுதி மேஸ்திரி மாணிக்கராசு, இன்டர்காமில்: “அக்கா, செங்கோடனுக்கு மூணு நாளா தலவலி. இங்க யாருக்குத்தான் இல்ல, சும்மா படுடான்னு திட்டிட்டேன். இப்போ கழுத்து மடங்க மாட்டேங்குது. லைட்டப் பாத்தா கத்துறான்.”
மூன்று நாள். அங்கே தலைவலியை யாரும் நோயாக எண்ணுவதில்லை. நானும்தான்.

11.15
தண்டுவட நீர், அரிசி கழுவிய தண்ணீர்போல் கலங்கல். சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தேன். காப்பிக்கொட்டை வடிவில், ஜோடி ஜோடியாகச் சிவப்புக் கிருமிகள். மூளைக்காய்ச்சல். அவனுக்கு ஊசி போட்டாயிற்று. உடன் உறங்கும் தொண்ணூற்றாறு பேருக்கும் தடுப்பு மருந்து வேண்டும்.
மேல்தள நிர்வாகம்: “ஸ்லைடு பத்தாதும்மா. கல்ச்சர்ல வளர்த்துக் காட்டுங்க. அப்பதான் மருந்து ரிலீஸ்.”

12.00
இந்தக் கிருமி வளரக் காற்றில் கரியமில வாயு மூன்று சதவீதமாவது வேண்டும். ஊரில் என்றால் ஜாடிக்குள் மெழுகுவர்த்தி ஏற்றி மூடுவோம். இங்கே நெருப்பு குற்றம்.
இரண்டு ஊட்டத் தட்டுகளில் விதைத்தேன். ஒன்று இன்குபேட்டரில். மற்றொன்று துளையிட்ட பெட்டியில், செங்கோடனின் காலிப் படுக்கைக்கு மேலே, வெப்பக் குழாயருகே. ஒரு சந்தேகம்தான்.

நாள் 212, 12.20
இன்குபேட்டர் தட்டு: ஒன்றுமில்லை.
படுக்கைத் தட்டு: சாம்பல் நிறத்தில் பளபளவென்று, தட்டு முழுக்க.
வாயு மீட்டரைத் தொகுதிக்கு எடுத்துப்போய்க் கரியமில வாயுவை அளந்தேன். நான்கு சதவீதம். பூமிக் காற்றைப்போல் நூறு மடங்கு; தலைவலி வர இதுவே போதும். மின்சாரம் மிச்சம் பிடிக்க இங்கே காற்றுச் சுத்திகரிப்பானைப் பாதி நேரம் நிறுத்துகிறார்கள். மேல்தளத்தில் நிறுத்துவதில்லை.
அறிக்கையில் எழுதினேன்: கிருமி வளர்ந்த காற்று, நான்காம் தொகுதி. கரியமில வாயு நான்கு சதவீதம்.

14.05
நிர்வாகம்: “ரிசல்ட் ஓகே. அந்தக் காத்து பத்தின வரிய மட்டும் எடுத்துட்டு அனுப்புங்க. பத்து நிமிஷத்துல மருந்து கீழ வரும்.”

14.09
எடுத்துவிட்டேன்.

நாள் 213, 10.30
தொண்ணூற்றாறு பேரும் விழுங்கினார்கள். செங்கோடன் கண் திறந்தான்.
மாணிக்கராசு: “அக்கா, உங்களுக்குக் கோயிலே கட்டலாம். ஆனா தலவலி மட்டும் போகல. மேல் தளத்துல ஒரு கட்டில் போட்டுக் குடுக்கச் சொல்லுங்க, போயிடும்.”
நிர்வாகம்: “மருந்துதான் குடுத்தாச்சே. இனிமே தலைவலின்னு எவனுக்கும் லீவு எழுதாதீங்க.”
எழுதவில்லை.

நாள் 219, 07.50
நான்காம் தொகுதியில் மூன்று பேர் எழுந்திருக்கவில்லை. மாணிக்கராசுவும். சுத்திகரிப்பான் ஒரு ஷிப்ட் முழுக்க நின்றிருக்கிறது. மூவரின் தண்டுவட நீரும் தெளிவு. குடிதண்ணீர்போல. தட்டுகளில் விதைத்துப் படுக்கைக்கு மேலே வைத்தேன்.

நாள் 220, 08.15
தட்டுகளில் ஒன்றும் வளரவில்லை.
நிர்வாகம் இறப்புச் சான்றிதழ்களை நேற்றே அனுப்பிவிட்டது. காரணம்: மூளைக்காய்ச்சல். ஆதாரம்: லூர்துமேரியின் ஆய்வறிக்கை.

16.30
ஆய்வகத்திலும் சுத்திகரிப்பான் சத்தம் இல்லை. இன்டர்காமில் யாரும் எடுக்கவில்லை. மீட்டரில் ஏழு சதவீதம்.
இதைக் கண்டெடுப்பவருக்கு. நான் அழித்த வரி நாள் 212இல் இருக்கிறது. படியுங்கள். செங்கோடனின் கிருமியை ஒரு புதுத் தட்டில் விதைத்து, இன்குபேட்டருக்கு வெளியே, இந்த அறைக் காற்றிலேயே, வெப்பக் குழாயருகே வைத்திருக்கிறேன். தலை வலிக்கிற
அது வளர்ந்திருந்தால் நாங்கள் எந்தக் காற்றை