மேட்டில் நின்ற கார்

லியோன், மார்ச் 1906

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் இருமல் தணிந்ததா? நான் நலம், பயப்படாமல் படி.

நான் வடிவமைத்த கார்புரேட்டரைத் தன் பெயரில் பதிவு செய்துகொண்டானே தலைமைப் பொறியாளர் ஃபார்ஜோ, நேற்று கார் வாங்க வந்தவர்களை ஏற்றிக்கொண்டு மேட்டில் கார் ஓட்டினான். கார்புரேட்டரில் முன்பக்கம் இருக்கவேண்டிய பெட்ரோல் கிண்ணத்தைப் பின்பக்கம் மாட்டியிருந்தான். மேடேறினால் அது தாழ்ந்துவிடும், இன்ஜினுக்குப் பெட்ரோல் எட்டாது. தெரிந்தும் நான் வாய் திறக்கவில்லை. பாதி மேட்டில் வண்டி நின்றது.

"என்னய்யா பண்றது?" என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னிடமே கத்தினான்.

"உங்க கார்புரேட்டர்தானே சார், ரிவர்ஸ்ல ஏத்துங்க, கிண்ணம் மேல வந்துடும்."

ஊரே கைகொட்டிச் சிரிக்க, வண்டியைத் திருப்பிப் பின்புறமாகவே மேடேறினான்.

என்னை வேலையைவிட்டு அனுப்பிவிட்டான். கம்பளிக் காலுறை அனுப்பு. ஜாம் சின்ன ஜாடி போதும், கூடச் சாப்பிட ஆளில்லை. தபால்காரர் அவசரப்படுத்துகிறார். திங்கட்கிழமை என்னைச் சேர்த்துக்கொண்ட போட்டிக் கம்பெனி வண்டியில், என் கார்புரேட்டரோடு, அவன் ஜன்னலுக்கு எதிரே அதே மேட்டை நேராக ஏறுகிறேன்.

உன் மகன்
ஆன்செல்ம்