கண்ணாடியில் தெரிந்த விளக்கு

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் வண்டியின் கதவு அசையவில்லை. மறுபக்கமாக ஏறி, கியரைத் தாண்டி உட்கார்ந்து, மூன்று ஓட்டல்களுக்குச் சலவைத் துணி இறக்கினேன். ஓட்டல் காவலாளி சிரித்தார். சிரிக்கட்டும்.

பாலிசி போட்டுக் கொடுத்தவர் என் கொழுந்தன்தான். கதவைச் சரிசெய்யப் பணம் வருமா என்று கேட்டேன். "அண்ணி, இது தேர்ட் பார்ட்டி. உங்க கதவுக்குச் சல்லிக்காசு வராது. உங்களால அடிபட்டவருக்குத்தான் வரும்" என்றார். நான் ஒரு தரப்பு, கம்பெனி ஒரு தரப்பு, மூன்றாவது அந்தச் சாவிக்காரர். ஆறு வருடமாகக் கட்டுகிறேன், இது தெரியாது. பத்து நாள் முன்பு சாலையோரம் வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்தேன். சைக்கிளில் வந்த மனிதர், சாவி செய்து கொடுக்கும் கடைக்காரர், அதில் மோதி விழுந்தார். நான் இன்று கதவைப் பற்றி விசாரித்துக்கொண்டிருக்கிறேன். வெட்கம்கெட்டவள்.

மார்ச் 6, வியாழன்

மருத்துவமனைக்குப் போனேன். தோள் எலும்பும் வலது மணிக்கட்டும் முறிந்திருக்கின்றன. சாவிக்காரர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார், திரும்பவே இல்லை. அவர் மனைவிதான் பேசினார். "எதுக்கு வந்தீங்க? பழம் குடுத்துட்டுப் போகவா?" பழப்பையை வெளியே பெஞ்சில் வைத்துவிட்டு வந்தேன். அந்த அம்மா கேட்டதில் தப்பே இல்லை.

மார்ச் 11, செவ்வாய்

கம்பெனியின் விசாரணை அதிகாரி வீட்டுக்கு வந்தார். கிளிப் அட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டே டீ குடித்தார். இனி இங்கே அவர் பெயர் கிளிப் அட்டை.

நஷ்டஈட்டை எப்படிக் கணக்கிடுவார்கள் என்று கேட்டேன். பொறுமையாகத்தான் சொன்னார். மருத்துவச் செலவு, கடை மூடிக் கிடக்கும் நாட்கள், கை எவ்வளவு தூரம் பழையபடி வேலை செய்யும் என்பது எல்லாம் சேர்த்து ஒரு தொகை. அதிலிருந்து அடிபட்டவரின் தப்பு எத்தனை சதவீதமோ அத்தனையைக் கழிப்பார்களாம்.

"அவர் என்ன தப்பு பண்ணினார்?"

"இருட்டுற நேரம். சைக்கிள்ல விளக்கு எரியல." போட்டோவைக் காட்டினார். காவல் நிலையச் சுவரில் சாய்ந்த சைக்கிள், எரியாத விளக்கு. "நீங்களே போன்ல சொல்லியிருக்கீங்களேம்மா, எதையும் பார்க்கலைன்னு. நாற்பது சதவீதம் அவர் மேல போட்ரலாம். வெள்ளிக்கிழமை வந்து கையெழுத்துப் போடுங்க."

எனக்கு நல்லது செய்கிற முகத்தோடு சொன்னார்.

மார்ச் 12

பார்த்தேன். பக்கக் கண்ணாடியில் அந்த விளக்கைப் பார்த்தேன். தூரத்தில் வருகிறது என்று நினைத்துத் திறந்தேன்.

மார்ச் 13, வியாழன்

வீட்டில் சொல்லிவிட்டேன். பூகம்பம்தான்.

"அண்ணி, வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருங்க! பொறுப்பை ஒத்துக்கக் கூடாதுன்னு பாலிசியிலயே இருக்கு. முதல்ல பார்க்கலைன்னீங்க, இப்ப பார்த்தேங்கறீங்க. கம்பெனிக்காரங்க கடுப்புல அவருக்குக் குடுத்துட்டு, அந்தப் பணத்தை உங்ககிட்ட வசூல் பண்ணுவாங்க. வண்டியை வித்துத்தான் கட்டணும்."

வீட்டுக்காரர் தட்டைப் பார்த்துக்கொண்டே, "அவன் சொல்றதைக் கேளேன்" என்றார். தம்பி பேச்சு என்றால் இவருக்கு வேதவாக்கு.

கேட்கிறேன். எல்லாவற்றையும் கேட்கிறேன். அந்த மனிதர் ஒழுங்காக விளக்குப் போட்டு வந்தார். அவர் விளக்கை அணைக்க நான் யாரு? பயத்துல ஒரு பொய் சொன்னேன், சரி. அதுக்குக் கையெழுத்து வேற போடணுமா?

பாலிசிக் காகிதத்தை இன்றுதான் முழுசாகப் படித்தேன். எறும்பு சைஸ் எழுத்து. கம்பெனி சம்மதமில்லாமல் பொறுப்பை ஏற்கக் கூடாது – இருக்கிறது, தம்பி சொன்னது சரி. அதற்கு இரண்டு வரி கீழே, நடந்ததை உண்மையாகத் தெரிவிக்க வேண்டும் என்றும் இருக்கிறது. அதைத் தம்பி ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

மார்ச் 14, வெள்ளி

கையெழுத்துப் போடவில்லை.

"தப்பு யாருதுன்னு நான் சொல்லல சார். அது உங்க வேலை. விளக்கு எரிஞ்சுது, நான் பார்த்தேன். போன்ல சொன்னது பொய். அதை எழுதிக்குங்க" என்றேன்.

"போட்டோவுல எரியலையேம்மா."

அப்போதுதான் போட்டோவைச் சரியாகப் பார்த்தேன். பின் சக்கரத்துப் பக்கத்தில் சின்னப் புட்டி மாதிரி டைனமோ. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சார், சக்கரம் சுத்தினாத்தானே அது எரியும்? நிக்கிற சைக்கிளைப் படம் எடுத்துட்டு எரியலைங்கறீங்களே!"

திங்கட்கிழமை வருகிறேன் என்றார். வேண்டாவெறுப்பாகத்தான்.

மார்ச் 17, திங்கள்

காவல் நிலைய முற்றம். கிளிப் அட்டை, நான், சாவிக்காரரின் மனைவி. அந்த அம்மாவை நான்தான் போனில் அழைத்தேன். வருவார் என்று நினைக்கவில்லை.

முன் சக்கரம் நெளிந்து கிடந்தது. பின்பக்கத்தைத் தூக்கிப் பிடித்துக் கையால் பெடலைச் சுற்றினேன். எரியவில்லை. இன்னும் வேகமாகச் சுற்றினேன். ஊஹூம். கிளிப் அட்டை பேனா மூடியைத் திறந்தார்.

"நகருங்க" என்று அந்த அம்மா பக்கத்தில் குந்தினார். விழுந்த வேகத்தில் டைனமோ டயரை விட்டு விலகியிருக்கிறது. அதைக் கட்டைவிரலால் டயரோடு அழுத்திப் பிடித்தார். "இப்ப சுத்துங்க."

சுற்றினேன். வெயிலில் ஒன்றும் தெரியவில்லை. கிளிப் அட்டை குனிந்தார், தன் அட்டையையே விளக்குக்கு மேலே குடையாகப் பிடித்தார். கீறல் விழுந்த கண்ணாடிக்குள் மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. நிறுத்தினேன், அணைந்தது. மறுபடி சுற்றச் சொன்னார். மூன்று முறை படம் எடுத்தார்.

"கையையும் சரியா எழுதுங்க சார். எல்லாருக்கும் இருக்கற கை இல்ல, அரம் பிடிக்கிற கை" என்றார் அந்த அம்மா. கிளிப் அட்டை அதையும் எழுதினார்.

போகும்போது அந்த அம்மா என்னைப் பார்த்து, "பழம் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். மன்னித்தாரா இல்லையா, தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

மார்ச் 20

கொழுந்தன் பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும். வீட்டுக்காரர் மட்டும், "நிஜமாவே எரிஞ்சுதா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

ஜூலை 15, செவ்வாய்

கம்பெனியிலிருந்து கடிதம். சாவிக்காரர் மீது தப்பு இல்லை, கழிவு இல்லை, முழுத் தொகையும் தரப்பட்டுவிட்டது. நான் முதலில் மாற்றிச் சொன்னதற்கு ஒரு பாரா நீளத்துக்குக் கண்டிப்பு, வாங்கிக்கொள்கிறேன். அடுத்த வருடம் பிரீமியம் ஏறுமாம். ஏறட்டும், கட்டுவேன். வண்டி என்னிடம்தான் இருக்கிறது.

செப்டம்பர் 2, செவ்வாய்

கதவைச் சொந்தக் காசில் மாற்றிவிட்டேன். சாயங்காலம் ஓட்டல் வாசலில் வண்டியை நிறுத்திக் கண்ணாடியைப் பார்த்தேன். பின்னால் ஒரு மஞ்சள் விளக்கு வந்தது. கைப்பிடியில் வைத்த கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தேன். சைக்கிள் மெதுவாக என்னைத் தாண்டியது. வலது மணிக்கட்டில் இன்னும் பட்டை கட்டியிருந்தார். தாண்டிய பிறகு, திரும்பிப் பார்க்காமலே குரல் கொடுத்தார்.

"இப்ப தொறக்கலாம்மா!"