வீட்டுக்குக் கூப்பிடாமல் ஓட்டலுக்குக் கூப்பிட்டவர்கள்

வரதராசன்பேட்டைக் கல்லறைத் தோட்டத்தில் படுத்திருக்கும் என் ஆசை அக்காவுக்கு,

உன் மகள் ஸ்டெல்லாவுக்கு மெட்ராசில் இருந்து ஒரு வரன் வந்திருக்கிறது. பையன் பெரிய ஓட்டலில் ஆபீசர், அப்பா இல்லை, அம்மா மட்டும்தான், குடி இல்லை, சிகரெட் இல்லை என்று தரகர் அடுக்கினார். இவ்வளவு நல்லதை ஒரே மூச்சில் சொன்னால் நான் நம்பமாட்டேன் என்று உனக்குத் தெரியாதா?

நான் சந்தேகக்காரிதான். என் வகுப்புப் பிள்ளைகளே அப்படித்தான் பேசிக்கொள்கிறார்களாம். பேசட்டும். உன் கல்யாணத்தில் நம் வீட்டில் ஒருத்தரும் சந்தேகப்படவில்லை. கம்பவுண்டர் வேலை என்றார்கள், நம்பினோம். மாப்பிள்ளை வீட்டுக்குப் போன முதல் நாளே இலை போட்டார்கள், உட்கார்ந்து கை நனைத்துவிட்டோம். சம்மதம் என்றால்தானே அந்த வீட்டில் கை நனைப்பது? அப்புறம் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? வேலையும் இல்லை, ஒன்றும் இல்லை என்று தெரிந்தபோது ஸ்டெல்லா உன் வயிற்றில் இருந்தாள். அவர் எங்கோ போய்விட்டார், நீ ஒற்றை ஆளாக அவளை வளர்த்தாய்.

ஆசுபத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "விசாரிக்காம எவன்கிட்டயும் குடுத்துடாதடி" என்றாய். அதைத்தான் இன்றுவரை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

பையனின் அம்மாவும் தரகரும் வந்து ஸ்டெல்லாவைப் பார்த்துப் போனார்கள். பிடித்திருக்கிறது, நீங்கள் வாருங்கள் என்று பையன் ஆரோக்கியமே இன்லண்ட் லெட்டர் போட்டிருந்தான். அதில் வீட்டு விலாசம் இல்லை. தான் வேலை பார்க்கும் ஓட்டலுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு வரச்சொல்லி இருந்தான். வெளிநாட்டுச் சாப்பாடு போடுகிற இடமாம். பெண் வீட்டுக்காரர்களை ஓட்டலில் உட்கார வைத்துப் பேசுவது எந்த ஊர் வழக்கம்? வீட்டில் எதை மறைக்கிறான்? அரியலூரில் ஸ்டெல்லாவோடு ரயில் ஏறி எழும்பூரில் இறங்கும்வரை இதையேதான் நினைத்துக்கொண்டு போனேன்.

வாசலில் கோட்டு போட்ட ஒருவர் கதவைத் திறந்தார். மாப்பிள்ளைக்குப் பெரியப்பா என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டேன். கதவு திறப்பதே அவர் வேலையாம். உள்ளே நடுமத்தியானத்தில் மெழுகுவர்த்தி ஏற்றி, தட்டில் கிடப்பது தெரியாதபடி இருட்டாக வைத்திருந்தார்கள். சாப்பாட்டைக் காட்டவே பயப்படுகிற இடத்தில் மனுஷனை எப்படிப் பார்ப்பது?

பையனும் அவன் அம்மாவும் மேஜையில் எங்களுக்காகக் காத்திருந்தார்கள். பையனின் முன்கையில் வரிசையாகச் சுட்ட தழும்புகள். ஆபீசருக்கு எங்கிருந்து சூடு வரும்? நாங்கள் எதுவும் கேட்காமலே தட்டுகள் வந்தன. சேமியா மாதிரி நீளமாக ஒன்று, சீனாக்காரர்கள் சாப்பிடுவதாம். இரண்டு முறை அவன் எழுந்து பின்கதவு வழியாகப் போனான். குடிக்கத்தான் போகிறான் என்று முடிவே கட்டிவிட்டேன். திரும்பி வந்தபோது மோந்து பார்த்தேன், இஞ்சி வாசனைதான் அடித்தது. கடைசியில் வெள்ளைக் குழம்பில் ஒரு மீன் வந்தது.

நான் கரண்டியைத் தொடவில்லை. ஸ்டெல்லாவும் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"சாப்பிடுங்க டீச்சர்" என்றான்.

"வூட்டுக்குக் கூப்பிடாம எதுக்குத் தம்பி இங்க கூப்பிட்டீங்க? வூட்டுல என்ன இருக்கு?"

அவன் அம்மா தலையைக் குனிந்துகொண்டார். அவன்தான் பேசினான்.

"வூட்டுல ஒண்ணும் இல்லைங்க. தரகர் சொன்னதுதான் பொய். நான் ஆபீசர் இல்ல, இந்த ஓட்டல்ல சமையக்காரன். தரகர் அப்படிச் சொன்னப்ப அம்மாவுக்கு உங்க முன்னாடி மறுத்துப் பேச வாய் வரல. இந்த மீன் நான் செஞ்சதுங்க."

"இத லெட்டர்லயே எழுதியிருக்கலாமே."

"நேர்ல சொல்லணும்னு நெனச்சேன். வூட்டுக்கு வந்தீங்கன்னா அம்மா இலை போட்டுடுவாங்க. கை நனைச்சப்புறம் உண்மை தெரிஞ்சா நீங்க என்ன பண்ணுவீங்க? ஓட்டல்ல சாப்பிட்டா அது சம்மதம் ஆகாதுங்க. பிடிக்கலைன்னா எழுந்து போயிடலாம்."

அக்கா, எனக்கு அழுகை வந்துவிட்டது. எழுந்து போக இப்படி ஒரு வழியை உனக்கு யாராவது விட்டிருந்தால்? அடுத்த நிமிஷமே இதுவும் நடிப்போ என்றும் தோன்றியது. என் புத்தி அப்படி.

அதுவரை வாயே திறக்காத உன் மகள், "மீன் ஆறிப்போவுது சித்தி" என்றாள்.

"இந்த மீனப் பொட்டலமா கட்டிக் குடுக்கச் சொல்லுங்க தம்பி. உங்க வூடு எங்க இருக்கு?" என்று கேட்டேன்.

ராயபுரத்தில் ஒரு சந்து. அப்போதும் தெருக்குழாயில் நின்ற ஒரு பெண்ணிடம் விசாரித்துவிட்டுத்தான் உள்ளே போனேன். "அந்தம்மாவுக்கு முட்டி வலி. புள்ளதான் தெனம் கொடம் தூக்கும்" என்றாள். ஒற்றை அறை. பையனின் அம்மா ரசம் வைத்து, அப்பளம் சுட்டு, ஓட்டல் மீனையும் இலையில் வைத்தார். மீனில் உப்பு கொஞ்சம் குறைவு. நான் கை நனைத்துவிட்டேன்.

நம் வீட்டில் ஒருத்தரும் சந்தேகப்படவில்லை என்று மேலே எழுதினேன். அது பொய். உன் கல்யாண ஓலையை மாதா கோயிலில் வாசித்து, ஆட்சேபம் உண்டா என்று சாமியார் மூன்று ஞாயிறும் கேட்டபோது நான் முன்வரிசையில்தான் இருந்தேன். மாப்பிள்ளைக்கு வேலை போய்விட்டது என்று என் காதுக்கு ஒரு பேச்சு வந்திருந்தது. கை நனைத்தாயிற்றே என்று வாயை மூடிக்கொண்டேன். உன்னிடம் இதைச் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

வரும் ஞாயிறு ஸ்டெல்லாவுக்கு முதல் ஓலை வாசிக்கிறார்கள். மூன்றாவது ஓலை முடியும்வரை விசாரித்துக்கொண்டேதான் இருப்பேன். ஏதாவது தெரிந்தால் நான் கை நனைத்ததை நினைக்கமாட்டேன், கோயிலிலேயே எழுந்து நின்று சொல்வேன். சத்தியம், அக்கா.

அன்று எழுந்து நிற்காத,
உன் தங்கை