சபாஷுக்கு முன்னால் ஐந்து நொடி

தொலைக்காட்சி வாத்தியாருக்கு, உங்கள் வீட்டு வாத்தியாரம்மா எழுதிக்கொள்வது.

நாங்கள் நலம் என்று எழுதக் கை வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. மூன்று கடிதத்துக்கும் பதில் போடாத உங்களைத் தினமும் பத்தரை மணிக் கணக்குப் பாடத்தில்தான் பார்த்துக்கொள்கிறேன். அதுவும் நீங்கள் பாடம் பதிவு செய்யப் போன புதிதில் எடுத்தது. சட்டையில் நான் தைத்த பொத்தான் அப்படியே இருக்கிறது.

வகுப்பில் இப்போது என் வேலை சுவிட்ச் போடுவது, திரையில் வெளிச்சம் விழாமல் ஜன்னலைச் சாத்துவது. நடுவில் நான் வாயைத் திறந்தால் தலைமையாசிரியருக்குக் கோபம் வருகிறது. சார்தான் அழகா சொல்லிக்கிட்டிருக்காரே, நீங்க எதுக்கு டீச்சர் என்கிறார்.

நம் வாயாடி மகள் இந்த வருடம் என் வகுப்பு. முதல் பெஞ்ச். நீங்கள் கேள்வி கேட்டுவிட்டு ஐந்து நொடி காத்திருப்பீர்களே, அதற்குள் எழுந்து விடையைக் கத்திவிடுவாள். நீங்கள் "சபாஷ், சரியாச் சொன்னீங்க" என்றதும் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். எங்கப்பாவுக்கு நான் சொல்றது கேக்குது என்று எல்லோரிடமும் பீற்றிக்கொண்டாள். நானும் இல்லையென்று சொல்லவில்லை. என் தப்புதான்.

டிவிக்கு ஏதுடி காது என்று பக்கத்துப் பெண் கேட்டுவிட்டாளாம். போன செவ்வாய்க்கிழமை, அரையும் காலும் சேர்ந்தால் எவ்வளவு என்று கேட்டீர்கள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். வேண்டுமென்றே ஒன்பது என்றாள். நீங்கள் சிரித்துக்கொண்டே சபாஷ் சொன்னீர்கள். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அன்றிலிருந்து அவள் எழுந்திருப்பதில்லை. வீட்டிலும் கேட்டதற்கு ஆமாம், இல்லை என்பதோடு சரி.

அங்கே உங்களுக்கு வேறு குடும்பம் என்று காதில் விழுந்தது. மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. வாருங்கள் என்றும் கூப்பிடவில்லை. புதிதாக ஏதாவது பாடம் எடுத்தால், அந்த ஐந்து நொடி கழித்து ஒரே ஒரு தடவை, "இல்லடா கண்ணு, தப்பு. மறுபடி சொல்லு" என்று சொல்லிவிடுங்கள். அன்றைக்குக் காலில் விழுந்தாவது அவளை எழுந்து நிற்க வைக்கிறேன்.

அடுத்த வருடமும் பழைய பாடங்களையேதான் ஓட்டுவார்கள் என்று நேற்றுச் சுற்றறிக்கை வந்துவிட்டது. தெரிந்துதான் கேட்கிறேன்.

எங்கிருந்தாலும் நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
சுவிட்ச் போடுகிறவள்